கருவியும் படைக்கலமும்: இந்தோனேசிய மரபுக் கத்திகளின் இருவகை வாழ்வு

ஆய்வுச்சுருக்கம்

இந்தோனேசியத் தீவுக்கூட்டத்தின் மரபுக் கத்திகளை வேலைக்கருவி என்றும் படைக்கலம் என்றும் இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் அருங்காட்சியகப் பட்டியல்களிலும் குற்றவியல் சட்டத்திலும் நிலைபெற்றுள்ளது. ஆனால் அத்தீவுகளின் பழைய சாசனங்களும் சுவடிகளும் இப்பிரிவினையை இவ்வாறு செய்யவில்லை. ஒரு கத்தி கருவியா ஆயுதமா என்பதை அதன் வடிவம் தீர்மானிப்பதில்லை. அதை யார், எங்கே, எவ்வாறு ஏந்துகிறார் என்பதே தீர்மானிக்கிறது என்பதை கோலோக், மண்டாவ், செலூரிட், ஆனி-ஆனி முதலிய கத்திகளின் வரலாற்றையும் பயன்பாட்டையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

முதன்மைச் சொற்கள்: கோலோக், குஜாங், மண்டாவ், செலூரிட், ஆனி-ஆனி, கெரிஸ், ஜாவா, சுண்டா, மதுரா, தயாக்.

முன்னுரை

தமிழில் ‘படை’ என்னும் சொல் சேனையைக் குறிக்கும், ஆயுதத்தைக் குறிக்கும், கருவியையும் குறிக்கும். உழவர் வழங்கும் ‘படைச்சால்’ என்ற சொல்லில் படை என்பது கலப்பையே. கதிர் அறுக்கும் வளைந்த இரும்புக்கு ‘அரிவாள்’ என்று பெயர் அமைந்தபோது வாளும் வயலுக்கு வந்து சேர்ந்தது. கருவிக்கும் ஆயுதத்துக்கும் இடையே மொழி கடுமையான வேலி எதையும் போடவில்லை என்பதற்கு இச்சொற்கள் சான்று. இதே நிலையை மலாய், சுண்டா, ஜாவா மொழிகளின் கத்திப் பெயர்களிலும் காணலாம். மலாய் மொழியின் ‘பாராங்’ என்னும் சொல்லை மலேசியத் தமிழர் ‘பாராங் கத்தி’ என்று தம் பேச்சிலும் நாளிதழ்களிலும் வழங்குகின்றனர். தோட்டத்தில் புதர் வெட்டுவதும் பாராங் கத்திதான். கொள்ளைச் செய்தியில் இடம்பெறுவதும் பாராங் கத்திதான்.

ஐரோப்பியர் தொகுத்த ஆயுதச் சேகரிப்புகள் இத்தகைய பொருள்களைச் சூழலிலிருந்து பிரித்தெடுத்துச் சுவரில் மாட்டின. விறகு பிளந்த கத்தியும் போரில் ஏந்திய கத்தியும் ஒரே கண்ணாடிப் பேழைக்குள் ‘கிழக்கிந்தியத் தீவுகளின் ஆயுதங்கள்’ ஆயின. அப்பட்டியல்களை அடியொற்றி எழுதப்பட்ட நூல்களில் கத்தியின் நீளமும் கைப்பிடியின் வேலைப்பாடும் விரிவாகக் கிடைக்கின்றன. அந்தக் கத்தி காலையில் என்ன வேலை செய்தது என்பது பெரும்பாலும் கிடைப்பதில்லை. இக்குறையை ஈடுசெய்ய முதலில் பழஞ்சான்றுகளை நோக்குதல் வேண்டும்.

பழஞ்சான்றுகளில் இரும்பு

மத்திய ஜாவாவில் கிடைத்துள்ள 9, 10ஆம் நூற்றாண்டுகளின் சீமா சாசனங்கள், வரி நீக்கப்பட்ட நிலத்தை எல்லை வகுத்து அறக்கொடையாக்கிய ஆவணங்கள். தமிழின் ‘சீமை’யும் இந்தச் ‘சீமா’வும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. நிலத்துக்கு எல்லைக்கல் நாட்டும் சடங்கில் படைக்கப்பட்ட பொருள்களை இச்சாசனங்கள் வரிசையாகக் குறிப்பிடுகின்றன. அவற்றுள் ‘இரும்பு வகைகள்’ என்ற ஒரு தொகுப்பு உண்டு. கோடரி, வாய்ச்சி, கடப்பாரை, உளி, ஊசி ஆகியவற்றோடு கெரிஸ் என்னும் குத்துவாளும் அதே வரிசையில் வருகிறது. பிற்காலத்தில் தெய்வத்தன்மை ஏற்றப்பட்ட கெரிஸ், அங்கே கடப்பாரைக்கும் ஊசிக்கும் நடுவே ஓர் இரும்புப் பொருளாகவே நிற்கிறது.

லாவு மலைச் சரிவில் 15ஆம் நூற்றாண்டில் எழுந்த சூக்கு கோயிலில் ஒரு கொல்லுலைச் சிற்பம் இருக்கிறது. பீமன் கொல்லனாக இருந்து இரும்பை வடிக்கிறான். அர்ச்சுனன் துருத்தி இயக்குகிறான். நடுவே பிள்ளையார் ஆடுகிறார். அத்துருத்தி தோல் துருத்தி அன்று. செங்குத்தாக நிறுத்திய இரு குழாய்களுக்குள் தண்டுகளை மாறிமாறி மேலும் கீழும் இயக்கி இடைவிடாது காற்றைச் செலுத்தும் தென்கிழக்காசிய அமைப்பு அது. கொல்லனைச் சூழ அவன் வடித்த இரும்புகள் காட்டப்பட்டுள்ளன. உலைக்களத்தைக் கோயிலுக்குள் கொண்டுவந்த சமுதாயம் கொல்லனை எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தது என்பதை இதனால் உணரலாம்.

இப்பொருளுக்கு மிகவும் பயன்படும் சான்று மேற்கு ஜாவாவின் சுண்டா மொழியில் உள்ளது. ‘சங்ஹ்யாங் சிக்ஸா கண்டாங் கரெசியான்’ என்ற ஒழுக்கநூல் கி.பி. 1518இல் எழுதப்பட்டது, அதன் சுவடி ஜகார்த்தாவிலுள்ள தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. எந்தத் துறைக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று கூறிச் செல்லும் இந்நூல், கொல்லத்தொழிலைப் பேசுமிடத்தில் இரும்புகளை மூன்றாக வகுக்கிறது. வாள், கோலோக், கெரிஸ் முதலியன அரசனுக்கு உரியவை. குஜாங், இருவகைக் கோடரி, களைக்கொட்டு, பாளை சீவும் கத்தி ஆகியவை உழவனுக்கு உரியவை. செதுக்கவும் சீவவும் உதவும் சிறுகத்திகள் துறவிக்கு உரியவை. மூன்று தொகுதிகளுக்கும் பொதுவாக வழங்கும் சொல் ‘கங்கமான்’. கைக்குள் பற்றிக்கொள்வது என்பது அதன் அடிப்பொருள். இன்றைய மொழிபெயர்ப்புகள் அதை ‘ஆயுதம்’ என்று தருகின்றன. களைக்கொட்டும் பாளைக்கத்தியும் அடங்கும் தொகுதிக்கு அச்சொல் பொருந்தாது. நூலாசிரியர் இரும்பைப் பயனால் வகுக்கவில்லை; ஏந்துபவரால் வகுத்தார்.

இவ்வகைப்பாட்டை இன்றைய நிலையோடு ஒப்பிட்டால் ஒரு தலைகீழ் மாற்றம் தெரிகிறது. அன்று உழவன் கையிலிருந்த குஜாங், வளைந்தும் முனை நீண்டும் முதுகில் துளைகள் பெற்றும் அலங்கார வடிவம் கொண்டு, இன்று மேற்கு ஜாவா மாகாணத்தின் சின்னத்தில் இடம்பெறுகிறது. போகோர் நகரின் நடுவே 1982இல் அதற்கு ஒரு நினைவுத்தூணும் எழுப்பப்பட்டது. அன்று அரசனுக்கு உரியதாக எண்ணப்பட்ட கோலோக்கோ இளநீர்க் கடையிலும் மூங்கில் தோப்பிலும் நாள்தோறும் உழைக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளில் ஒன்று அரியணை ஏறிற்று. மற்றொன்று இறங்கி வந்தது.

கோலோக்: உழைப்பின் கத்தி

கோலோக் என்பது தடித்த முதுகும் நடுவில் சற்றே புடைத்த வாயும் கொண்ட வெட்டுக்கத்தி. லத்தீன் அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களின் மெல்லிய நீண்ட வெட்டுக்கத்தியோடு இதை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. மெல்லிய கத்தி மென்மையான தண்டுகளை வீச்சின் விரைவால் அறுக்கிறது. ஜாவாவிலும் சுமத்ராவிலும் வெட்ட வேண்டியவை முற்றிய மூங்கில், தேங்காய், கொடிப்பிரம்பு, மரக்கிளை. இவற்றுக்கு விரைவைவிட எடை முதன்மையானது. ஆகவே கத்தி குட்டையாகவும் கனமாகவும், கைப்பிடியைவிட முன்பகுதியில் எடை மிகுந்தும் அமைகிறது. வாயின் இருபக்கமும் தட்டையாக அன்றிச் சற்றுக் குவிந்து தீட்டப்படுகிறது. குவிந்த வாய் பச்சை மரத்தில் சிக்கிக்கொள்ளாமல் பிளவை அகற்றிக்கொண்டு வெளியேறும். தட்டையான வாய் ஆப்புப்போல இறுகிவிடும்.

மரம் அல்லது எருமைக்கொம்பால் ஆகும் கைப்பிடியின் அடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். மழையிலும் வியர்வையிலும் நனைந்த கையிலிருந்து கத்தி வழுவாமல் சிறுவிரலின் கீழ் அது தடுத்து நிற்கிறது. அலகின் வால் கைப்பிடித் துளைக்குள் பிசின் கொண்டு இறுக்கப்படுகிறது. உறை இரு மரப்பாளங்களைச் சேர்த்துக் கட்டியது. கத்தியை உருவும்போது உறையின் வாய்ப்பக்கத்தை விரல்களால் சூழப் பிடிக்கலாகாது. பாளங்களின் பொருத்தை அலகு பிளந்துகொண்டு வந்தால் விரல்கள் அங்கே இருக்கும்.

கொல்லர் அலகு முழுவதையும் கடினமாக்குவதில்லை. வாய்ப்பகுதியை மட்டும் நீரில் தோய்த்துத் துவைச்சல் ஏற்றி முதுகை மென்மையாக விடுகின்றனர். கூர் நிற்க வேண்டும். அடிபட்டால் கத்தி முறியவும் கூடாது. எஃகு அரிதாயிருந்த காலத்தில் இரும்பு மடிப்புகளுக்கு நடுவே ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை வைத்து அடித்துச் சேர்த்தனர். இன்று அந்தத் தேவை குறைந்துவிட்டது. பழைய சரக்குந்துகளின் வில்தகடுகள் கொல்லருக்குத் தடையின்றிக் கிடைக்கும் நல்ல எஃகாகிவிட்டன. சுகாபூமிக்கு அருகிலுள்ள சிபாத்து கோலோக்குக்கும், பாண்டுங்கின் தெற்கேயுள்ள சிவிடேய் பலவகைக் கத்திகளுக்கும் பெயர்பெற்ற ஊர்கள்.

ஒரே பெயரும் ஏறத்தாழ ஒரே வடிவும் கொண்ட கோலோக்கை ஜகார்த்தாவின் பெத்தாவி மக்கள் இரண்டாகப் பகுக்கின்றனர். ‘காவேயான்’ என்பது வேலைக்குரியது. ‘காவே’ என்றால் வேலை. ‘சோரெனான்’ என்பது இடுப்பில் செருகிச் செல்வதற்குரியது; ‘சோரென்’ என்பதற்கு இடையில் அணிதல் என்று பொருள். முன்னது அடுக்களைச் சுவரிலோ கொல்லைப்புறத்திலோ தொங்கும். பின்னது உறையோடு பாதுகாத்து வைக்கப்படும். சிலம்ப ஆசான்களைப்போன்ற உள்ளூர் வீரர்களின் அடையாளமாக அது கருதப்பட்டது. வேலையாலும் அணியும் இடத்தாலும் பெயர் பெறும் இப்பகுப்பு, 1518ஆம் ஆண்டுச் சுவடியின் நோக்கோடு ஒத்துச்செல்வதைக் காணலாம்.

மண்டாவ்: ஓர் உறையில் இரு கத்திகள்

போர்னியோவின் தயாக் மக்களுடைய மண்டாவ், வெளியுலகில் தலைவேட்டையோடு மட்டும் பிணைத்துப் பேசப்படும் கத்தி. மான்கொம்புக் கைப்பிடி, அதில் தொங்கும் மயிர்க்குஞ்சம், அலகின் மீது பதித்த பித்தளை ஆகியன பார்ப்போர் கண்ணை முதலில் ஈர்ப்பவை. அதன் நுட்பம் வேறிடத்தில் உள்ளது. பல மண்டாவ்களில் அலகின் ஒருபக்கம் சற்றுக் குழிந்தும் மறுபக்கம் சற்றுக் குவிந்தும் இருக்கும். ஆகவே வெட்டு ஒருபுறமாகச் சாய்ந்து இறங்கும். வலக்கையாளர்க்கு ஏற்றது இடக்கையாளர்க்கு ஏற்காது.

உறையின் பின்புறத்தில் மற்றொரு சிறு உறை இணைந்திருக்கும். அதனுள் விரலளவு அலகும் அதைவிடப் பன்மடங்கு நீண்ட கைப்பிடியும் கொண்ட சிறுகத்தி ஒன்று இருக்கும். கைப்பிடியை முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு பிரம்பைச் சீவவும், மரத்தைச் செதுக்கவும் அது உதவுகிறது. காட்டுக்குள் செல்லும் ஒருவனுக்கு நாள் முழுவதும் உறையிலிருந்து வெளிவருவது இச்சிறுகத்திதான். சேகரிப்பாளர் பலரும் பெரிய கத்தியை விரித்து எழுதி, இதை ‘துணைக்கத்தி’ என ஒரு சொல்லில் கடந்து சென்றனர்.

1894இல் மத்திய கலிமந்தானின் தும்பாங் அனோயில் தயாக் குழுக்களின் தலைவர்கள் டச்சு ஆட்சியின் முன்னிலையில் கூடித் தலைவேட்டையைக் கைவிட உடன்பட்டனர். மண்டாவ் அதனால் மறையவில்லை. விருந்தினரை வரவேற்கும்போது வாயிலின் குறுக்கே ஒரு மரக்கட்டையை இட்டு, அதை மண்டாவால் வெட்டித் துணித்துவிட்டு உள்ளே வரச்செய்யும் சடங்கு இன்றும் அங்கு நிகழ்கிறது. பகைவனைத் தடுத்த கத்தி விருந்தினன் கையில் கொடுக்கப்படுகிறது.

செலூரிட்: புல்லரிவாளும் மானமும்

ஜாவாவில் ‘ஆரிட்’ எனப்படும் வளைந்த அரிவாள், மாட்டுக்குப் புல் அறுக்கும் எளிய கருவி. அதன் வளைவு நீண்டு, முனை கூர்ந்து, பிறைவடிவம் மிகும்போது செலூரிட் ஆகிறது. இரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பது கடினம். மழை குறைந்து, மாடு வளர்ப்பும் சோளமும் வாழ்வாதாரமான மதுரா தீவில் அரிவாள் இல்லாத வீடு இருக்க வழியில்லை. அத்தீவின் பங்காலான் பகுதியில் செலூரிட் வடிக்கும் கொல்லர் ஊர்களும், கிழக்கே சுமெனெப் பகுதியில் கெரிஸ் வடிக்கும் ஆயெங் தொங்தொங் ஊரும் இருக்கின்றன.

செலூரிட்டுக்கு அச்சம் தரும் பெயரைக் கொடுத்தது ‘சாரோக்’ என்னும் மானப்போர். மானுடவியலாளர் லத்தீப் வியாத்தாவின் 2002ஆம் ஆண்டு நூல் இதனை விரிவாக ஆராய்ந்தது. சாரோக் திடீர்ச் சினத்தின் விளைவன்று. பிறர் முன் அவமதிக்கப்பட்டவர் குடும்பத்தினரின் இசைவோடு முன்கூட்டியே திட்டமிட்டு இறங்கும் செயல் என்று அவர் காட்டினார். மனைவியின் கற்பைப் பற்றிய பூசல் முதன்மைக் காரணம். நிலம், நீர் பற்றிய பிணக்குகள் அடுத்து வருவன. கண் வெளுத்து வாழ்வதைவிட எலும்பு வெளுத்துக் கிடப்பது மேல் என்னும் கருத்துடைய மதுரா முதுமொழி இங்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும். எனினும் ஒரு முதுமொழியைக் கொண்டு ஓர் இனத்தின் இயல்பை வரையறுப்பது எளிய வழி. சரியான வழி அன்று. மதுராவில் அரிவாள் ஏந்தும் கைகளில் பெரும்பாலானவை புல்லைத்தான் அறுக்கின்றன. சுமெனெப்பில் பிறந்த கவிஞர் சாவாவி இம்ரான் தம் கவிதைத் தொகுதி ஒன்றுக்குப் ‘பொற்செலூரிட்’ எனப் பொருள்படும் பெயரிட்டதை இவ்விடத்தில் நினைக்கலாம்.

கத்தியையே இனத்தின் குணமாகக் காணும் பார்வை எங்கே கொண்டு செல்லும் என்பதற்கு 2001 பிப்ரவரியில் மத்திய கலிமந்தானின் சம்பித் நகரில் வெடித்த வன்முறை சான்று. அங்குக் குடியேறிய மதுரா மக்களுக்கும் தயாக் மக்களுக்கும் இடையே எழுந்த அம்மோதலில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர்; கொல்லப்பட்டோரில் பெரும்பாலோர் மதுரா மக்கள். செய்திகள் இதனை மண்டாவுக்கும் செலூரிட்டுக்குமான போராகச் சித்திரித்தன. நிலவுரிமை, குடியேற்றக் கொள்கை, வேலைப்போட்டி ஆகிய காரணங்கள் கத்திகளின் நிழலில் மறைந்தன.

ஆனி-ஆனி: உள்ளங்கைக்குள் மறையும் கத்தி

இதுவரை கண்டவை அனைத்தும் ஆண்களின் இடுப்பில் இருந்தவை. ஆனி-ஆனி பெண்களுடையது. சுண்டா மொழியில் அதற்கு ‘எத்தெம்’ என்று பெயர். சிறு மரத்துண்டில் பதித்த விரல்நீள அலகும், அதற்குக் குறுக்காகச் செருகிய மூங்கில் குச்சியும் அவ்வளவே அதன் உறுப்புகள். குச்சியை உள்ளங்கையில் அடக்கி, நடுவிரல்களால் தாளை அலகின்மீது இழுத்து, ஒவ்வொரு கதிராகக் கொய்வர். கத்தி கைக்குள் மறைந்திருப்பதால் நெல்லின் தெய்வமான தேவி ஸ்ரீ அஞ்ச மாட்டாள் என்பது நம்பிக்கை. வாள்போன்ற கத்தியை வயலில் வீசினால் அவள் நீங்கிவிடுவாள்.

நம்பிக்கைக்கு அடியில் வேளாண் காரணமும் இருந்தது. நெட்டைத் தாளுடைய மரபு நெல் ஒரே சீராக முற்றுவதில்லை. முற்றிய கதிரை மட்டும் கொய்துவிட்டு மற்றதை விட்டுவைக்க ஆனி-ஆனியே ஏற்றது. காம்போடு கொய்த கதிர்களைக் கட்டுகளாகக் களஞ்சியத்தில் சேமிக்கலாம். விதைக்கு நல்ல கதிரைப் பொறுக்கவும் கையே கருவியாகும். மேலும் இம்முறைக்கு ஏராளமான கைகள் வேண்டும். ஊரின் நிலமற்ற பெண்கள் யார் வந்தாலும் அறுவடையில் சேரலாம் என்பது ஜாவா ஊர்களின் பழைய நெறி. தாம் கொய்ததில் ஒரு பங்கை ‘பாவோன்’ என்ற பெயரில் நெல்லாகவே எடுத்துச் சென்றனர். அப்பங்கு பல வீடுகளின் ஆண்டுச் சோறு.

1960களின் இறுதியிலிருந்து பரவிய உயர்விளைச்சல் குட்டை நெல் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. அது ஒருங்கே முற்றும். மணி எளிதில் உதிரும். தாள் குட்டையானதால் நின்று கொய்வது கடினம். அரிவாளால் அடியோடு அறுத்து வயலிலேயே அடிப்பது விரைவாயிற்று. அதனோடு ‘தெபாசான்’ என்னும் முறையும் வலுப்பெற்றது. உழவர் நின்ற பயிரை வணிகருக்கு விற்றுவிட, வணிகர் தம் ஆட்களைச் சிறு குழுவாகக் கொண்டுவந்து அரிவாளால் அறுப்பர். ஊராரை மறுக்க நிலவுடைமையாளருக்குக் கூச்சம் இருக்கும். வெளியூர் வணிகருக்கு அது இல்லை. வில்லியம் கோலியரும் அவருடன் பணியாற்றிய இந்தோனேசிய ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட கட்டுரை இம்மாற்றத்தை முதன்முதலில் தெளிவாகப் பதிவுசெய்தவற்றுள் ஒன்று. அறுவடைச் செலவு குறைந்தது. பாவோன் பெற்ற பெண்களின் எண்ணிக்கையும் குறைந்தது. போர் எதிலும் பயன்படாத ஒரு சிறு கத்தி கைமாறியதால் நேர்ந்த இழப்பு, ஆயுத வரலாறுகளில் இடம்பெறுவதில்லை. மேற்கு ஜாவாவின் சிப்தாகெலார் போன்ற மரபுச் சமூகங்களில் ஆனி-ஆனி இன்றும் வழக்கில் உள்ளது. மற்ற இடங்களில் அது அருங்காட்சியகப் பொருள்.

கெரிஸ்

எதிர்த்திசையில் சென்றது கெரிஸ். அது வெட்டவோ சீவவோ உதவாத குத்துவாள்; ஆயினும் நாள்தோறும் அணியப்பட்டது. 15ஆம் நூற்றாண்டில் ஜாவாவுக்கு வந்த சீனர் மா ஹுவான், மூன்று வயதுச் சிறுவர் முதல் நூறு வயது முதியோர் வரை ஆண்கள் இடுப்பில் குத்துவாள் தரித்திருந்ததாக எழுதினார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர் தோமே பிரேஸும் செல்வர், வறியவர் எவர் வீட்டிலும் கெரிஸ் உண்டு என்று குறித்தார். அன்றாட உடையின் உறுப்பாயிருந்த அது, பின்னர் ‘பூசாகா’ எனப்படும் குலமரபுச் சொத்தாகி, இன்று மணமகன் முதுகுப்புறத்தில் செருகும் அணியாக நிற்கிறது. யுனெஸ்கோ 2005இல் அதனை மானுட மரபின் அரும்பொருளாக அறிவித்தது. களைக்கொட்டுக்கும் ஆனி-ஆனிக்கும் அத்தகைய அறிவிப்பு இல்லை.

சட்டத்தின் கண்ணில் கத்தி

குடியரசின் 1951ஆம் ஆண்டு 12ஆம் எண் அவசரச் சட்டம், அடிக்கவும் குத்தவும் பயன்படும் ஆயுதங்களை உரிமையின்றிச் செய்வோருக்கும் வைத்திருப்போருக்கும் எடுத்துச் செல்வோருக்கும் பத்தாண்டு வரை சிறை விதித்தது. வெட்டும் ஆயுதம் என்ற சொல் அதில் தனியே இல்லை. ஆயினும் கோலோக், செலூரிட் ஏந்தியோர் மீதும் இப்பிரிவே சுமத்தப்பட்டு வந்தது. அதே பிரிவு விலக்கும் அளித்தது. வேளாண்மைக்கோ வீட்டு வேலைக்கோ முறையான தொழிலுக்கோ உரியவை என்பது வெளிப்படையாகத் தெரியும் பொருள்களும், குலமரபுச் சொத்தும், பழம்பொருளும், ‘அற்புதப் பொருளும்’ ஆயுதமாகக் கொள்ளப்படவில்லை. கடைசிச் சொல் சற்று வியப்பூட்டுவது. சட்டமே அடைப்புக்குறிக்குள் தரும் டச்சுச் சொல்லுக்கு ‘காண்பதற்கு அரிய பொருள்’ என்பதே பொருள். இந்தோனேசிய மொழியாக்கம் அதை மாயத்தன்மை பொருந்திய பொருளாக்கிவிட்டது.

சிக்கல் ‘வெளிப்படையாக’ என்ற சொல்லில் உள்ளது. வயல் வரப்பில் செல்பவர் கையிலுள்ள அரிவாள் வெளிப்படையாகக் கருவி. அதே அரிவாள் இரவில் விசையுந்தின் இருக்கைக்கு அடியில் இருந்தால் அதன் தன்மையைக் காவலர் முடிவு செய்கிறார். ஜகார்த்தாவைச் சூழ்ந்த நகரங்களில் மாணவர் குழுக்களின் தெருச்சண்டைகளுக்குப் பின் காவல்துறை மேசைமேல் அடுக்கிக் காட்டும் செலூரிட்டுகளில், புல் அறுக்க இயலாத அளவுக்கு நீட்டி வளைத்தவையும் உண்டு. சந்தையில் எவரும் வாங்கக்கூடிய புல்லரிவாள்களும் உண்டு. தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் இடுப்புக் கத்தியோடு சோதனையில் நிற்கும் கூலித்தொழிலாளி, தம் தொழிலைச் சொல்லால் மட்டுமே மெய்ப்பிக்க முடியும். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தீர்ப்பின் இறுதியில் கத்தியைப் பற்றியும் ஓர் ஆணை இடம்பெறும்: பறிமுதல் செய்து அழிக்கப்பட வேண்டும் என்பது பெருவழக்கு. உழவுக் கருவி என்றோ பூசாகா என்றோ ஏற்கப்பட்டது உரியவரிடம் திரும்பிச் செல்லும்.